கணினிக் குழுமத்தில் ஒரு வரியை மாற்றினால் என்ன நடக்கிறது?

நூறு கணினிகளை இணைத்த ஒரு குழுமம். ஒருவர் 500 வேலைகளை அனுப்புகிறார். பாதிக் கணினிகள் சும்மா நிற்கின்றன, ஆனால் வேலைகள் வரிசையிலேயே கிடக்கின்றன. பிழைச் செய்தி இல்லை, எந்தக் கணினியும் பழுதாகவில்லை, லாக் கோப்புகளில் சிவப்பாக எதுவும் இல்லை. முந்தின நாள் யாரோ அமைவுக் கோப்பில், அதாவது மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பில், ஒரே ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியில் எழுத்துப்பிழைகூடக் கிடையாது.

குழுமத்தைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது. தனிக் கணினியில் அமைவுத் தவறு என்றால் நிரல் தொடங்காது, அல்லது கத்தும். பகிர்ந்த தொகுதிக் கணிப்பில் தவறு பெரும்பாலும் மௌனமாகத்தான் வரும். ஒரு வரியைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "இதன் மதிப்பு என்ன?" என்பதோடு நின்றுவிடக் கூடாது. இந்த வரியை யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள், அதற்குப் பின் வேறு யாராவது அதை மாற்றி எழுதுகிறார்களா என்பதும் தெரிந்தாக வேண்டும். வேலைகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் எச்டிகாண்டர் என்ற மென்பொருளை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். தேவையான இடத்தில், குழுமங்களில் வேலைகளை நடத்தும் வேறு மென்பொருள்களான ஸ்லர்ம், ஹடூப் இரண்டும் வரும்.

அடிப்படைச் சொற்கள்

தொகுதிக் கணிப்பு என்றால், பயனர் திரைமுன் உட்கார்ந்து பதில் எதிர்பார்க்காத கணிப்பு. வேலையை விவரித்து ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம். இடம் கிடைக்கும்போது அது ஓடும், முடிந்ததும் விடை கோப்பில் இருக்கும். பகிர்ந்த என்ற அடைமொழி, அந்த வேலை எந்தக் கணினியில் ஓடும் என்பது முன்கூட்டி முடிவாகாது என்பதைக் குறிக்கிறது.

எச்டிகாண்டர் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1988இல் காண்டர் என்ற பெயரில் தொடங்கியது. மிரோன் லிவ்னி அதை வழிநடத்தினார். மேசைகளில் ஆள் இல்லாமல் கிடக்கும் கணினிகளின் நேரத்தை அறுவடை செய்வதுதான் தொடக்க நோக்கம். 2012இல் பெயர் எச்டிகாண்டர் ஆனது. முன்னால் வந்த இரண்டு எழுத்துகளும் 'ஹை த்ரூபுட்' என்பதன் சுருக்கம். ஒரு நொடியில் எவ்வளவு வேகம் என்பதைவிட, ஒரு மாதத்தில், ஓர் ஆண்டில் எவ்வளவு கணிப்பு முடிந்தது என்பதை அது அளவுகோலாகக் கொள்கிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம்கூடத் தன் தொகுதி வேலைகளுக்கு இதைப் பயன்படுத்துகிறது.

அந்தப் பிறப்பு இன்றைய அமைவு வரிகளிலும் தெரிகிறது. கணினி ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. ஆகவே இங்கே அமைவு என்பது இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் வாசகம். "என் விசைப்பலகையை 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் மட்டும் வேலையை ஏற்பேன்" என்று கணினி சொல்லலாம். "எனக்கு 8 ஜிபி மெமரி வேண்டும்" என்று வேலை சொல்லலாம். இரண்டும் பொருந்தினால்தான் இணைப்பு.

படிப்பவர்கள் யார்?

பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல்களை டீமன் என்கிறோம். எச்டிகாண்டரில் முக்கியமானவை ஐந்து.

1. மாஸ்டர்: ஒவ்வொரு கணினியிலும் ஓடும், மற்ற டீமன்களைத் தொடங்கிக் கண்காணிக்கும்.
2. ஸ்டார்ட்-டி: வேலை ஓடும் கணினியின் பிரதிநிதி. தன்னிடம் என்ன இருக்கிறது, எந்த நிபந்தனையில் தரும் என்று விளம்பரம் செய்யும்.
3. ஷெட்-டி: பயனரின் வேலை வரிசையை வைத்திருக்கும்.
4. கலெக்டர்: எல்லா விளம்பரங்களும் வந்து சேரும் இடம். வழக்கமாக 9618ஆம் போர்ட்டில் கேட்கும்.
5. நெகோஷியேட்டர்: வேலைகளையும் கணினிகளையும் பொருத்திப் பார்க்கும் தரகர்.

ஒவ்வொரு டீமனும் தான் இருக்கும் கணினியின் அமைவுக் கோப்பையே படிக்கிறது. நெகோஷியேட்டருக்கான வரியை வேலை ஓடும் கணினியில் எழுதினால், அங்கே அதைப் படிக்க ஆளில்லை. பிழையும் வராது, பயனும் இராது. "மாத்திட்டேன், ஆனா ஒண்ணும் ஆகலையே" என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த வகைதான்.

ஸ்லர்ம் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அதன் முதன்மை அமைவுக் கோப்பு குழுமம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கணுவில், அதாவது குழுமத்தின் ஒரு கணினியில், இருக்கும் கோப்பும் மையக் கட்டுப்பாட்டாளரின் கோப்பும் வேறுபட்டால் லாகில் எச்சரிக்கை வரும். 2020இல் வந்த 20.02 பதிப்பு முதல், கணுக்கள் கோப்பை மையத்திலிருந்தே பெற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் குழுமத்துக்கு அது நல்ல தேர்வு. கணினிகள் பல உரிமையாளர்களிடம் இருக்கும்போது காண்டரின் வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒரு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

எச்டிகாண்டரில் ஒரே மாறியைப் பல இடங்களில் எழுதலாம். கடைசியாகப் படிக்கப்பட்டதே செல்லும். படிக்கும் வரிசை சுருக்கமாக இப்படி:

1. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் இயல்பு மதிப்புகள் (யாரும் எதுவும் எழுதாவிட்டால் செல்பவை).
2. முதன்மை அமைவுக் கோப்பு.
3. அமைவுக் கோப்பகத்தில் உள்ள துண்டுக் கோப்புகள், பெயரின் அகர வரிசையில்.
4. டீமனைத் தொடங்கும்போது சூழலில் இருக்கும் மாறிகள். பெயருக்கு முன் காண்டர் என்ற முன்னொட்டு இருந்தால் அவை கோப்புகளை மீறும்.

மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பின் பெயர் எழுத்துகளாகவே ஒப்பிடப்படுகிறது, எண்ணாக அல்ல. "10-" என்று தொடங்கும் கோப்பும் "9-" என்று தொடங்கும் கோப்பும் இருந்தால், முதல் எழுத்தான 1 சிறியது என்பதால் "10-" முன்னால் படிக்கப்படும், "9-" பின்னால் வந்து அதை மீறிவிடும். எழுதியவர் நினைத்தது நேர்மாறு. எல்லாக் கோப்புகளுக்கும் 05, 10, 50, 99 என்று ஈரிலக்க எண் வைப்பது இதற்காகத்தான்.

இன்னொரு நுட்பம், மாறிக்குள் மாறி. "ஆ" என்ற மாறியின் மதிப்பில் "அ"வைக் குறிப்பிட்டால், அது எழுதிய இடத்தில் நிரப்பப்படாது. எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்தபின், மதிப்பு தேவைப்படும்போதுதான் நிரப்பப்படும். முதலில் அ = 1, பிறகு ஆ = அ, அதன் பின் அ = 2 என்று எழுதியிருந்தால் "ஆ"வின் மதிப்பு 2. மேலிருந்து கீழாகப் படித்துப் பழகிய நிரலருக்கு இது இடறும். ஒரே விதிவிலக்கு, மாறி தன்னையே குறிப்பிடும் வரி. அங்கே பழைய மதிப்பு அந்தக் கணத்திலேயே இழுக்கப்படுகிறது. பட்டியல்களின் முடிவில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது இதனால்தான் முடிகிறது.

ஹடூப்பில் இயல்பு மதிப்புகள் ஒரு கோப்பிலும் தள மாற்றங்கள் இன்னொன்றிலும் இருக்கும், வேலை அனுப்புபவரும் தன் பங்குக்கு மீறலாம். அதைத் தடுக்க நினைக்கும் நிர்வாகி, குறிப்பிட்ட மதிப்பை 'ஃபைனல்' என்று குறித்துவிட்டால் பின்னால் வருபவை புறக்கணிக்கப்படும். காண்டரின் "கடைசியில் சொன்னது செல்லும்" என்ற கொள்கைக்கு இது எதிர்த்திசை.

நின்றுபோன 500 வேலைகள்

தொடக்கத்தில் சொன்ன குழுமத்துக்குத் திரும்புவோம். அங்கே சில கணினிகளில் ஒரு சிறப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது, 500 வேலைகளும் அது உள்ள கணினியையே கேட்டன என்று வைத்துக்கொள்வோம். அதை விளம்பரத்தில் காட்ட நிர்வாகி இரண்டு செயல்கள் செய்ய வேண்டும். முதலில் "மென்பொருள்உண்டு = மெய்" என்று ஒரு பண்பை வரையறுக்க வேண்டும். பிறகு விளம்பரத்தில் எந்தெந்தப் பண்புகள் இடம்பெற வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், அதாவது ஸ்டார்ட்-டி ஆட்ரிஸ் என்ற மாறியில், அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

இரண்டும் 20 எனத் தொடங்கும் கோப்பில் சரியாகவே இருந்தன. முந்தின நாள் இன்னொருவர் 30 எனத் தொடங்கும் கோப்பில், "கட்டிடம்" என்ற புதிய பண்பை விளம்பரப்படுத்த அதே மாறிக்கு மதிப்பு எழுதினார். பழைய பட்டியலோடு சேர்த்து எழுதாமல் நேரடியாகக் "கட்டிடம்" என்று மட்டும் எழுதிவிட்டார். பட்டியலிலிருந்து "மென்பொருள்உண்டு" மறைந்தது. மென்பொருள் கணினியில் அப்படியே இருக்கிறது, பண்பின் வரையறையும் இருக்கிறது, விளம்பரத்தில் மட்டும் இல்லை.

அடுத்து நடப்பதுதான் ஊன்றிப் பார்க்க வேண்டியது. காண்டரின் விளம்பர மொழியில் விடைகள் மெய், பொய் என்ற இரண்டோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட பண்பே காணப்படாவிட்டால் விடை 'வரையறையில்லை'. பொருத்தம் நடக்க வேண்டுமானால் நிபந்தனை மெய்யாக வேண்டும். 'வரையறையில்லை' என்பது மெய் இல்லை என்பதால் பொருத்தம் நடக்காது. இது தவறு என்று மென்பொருள் கருதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. யாரிடமும் இல்லாத ஒன்றை வேலை கேட்கிறது, நாளை அப்படியொரு கணினி சேரலாம், அதுவரை காத்திருக்கட்டும். மௌனத்துக்குக் காரணம் இதுவே.

இதைவிட வியப்பானது மறுதலை. "மென்பொருள்உண்டு என்பது மெய்யாக இல்லாத கணினி வேண்டும்" என்று, அந்தக் கணினிகளைத் தவிர்க்க நினைக்கும் வேலையும் சேர்ந்தே நின்றுவிடும். இல்லாத பண்பைச் சமமில்லை என்ற குறியால் ஒப்பிட்டாலும் விடை 'வரையறையில்லை'தான். ஒரே கணினிமேல் வைத்த "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரு நிபந்தனைகளும் ஒருசேரத் தோற்கின்றன. இதற்கென்றே =?= , =!= என்ற இரு குறிகள் உள்ளன. இவை 'வரையறையில்லை' என்பதையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்டு மெய் அல்லது பொய் என்று மட்டும் விடை தரும். ஆனால் சொற்களை ஒப்பிடும்போது == குறி பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, =?= பார்க்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. காண்டர் க்யூ கட்டளையோடு 'பெட்டர் அனலைஸ்' என்ற தெரிவைச் சேர்த்தால், வேலையின் நிபந்தனையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை கணினி பொருந்துகிறது என்று காட்டும். பூச்சியம் நிற்கும் இடம்தான் சிக்கல். அதன்பின் காண்டர் கான்ஃபிக் வால் என்ற கட்டளையை 'வெர்போஸ்' தெரிவோடு, சிக்கலான கணினியிலேயே ஓட்ட வேண்டும். மாறியின் இறுதி மதிப்பையும், அது எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்பதையும் அது சொல்லிவிடும். கோப்புகளைத் திறந்து கண்ணால் தேடுவதைவிட இதை முதலில் ஓட்டுவதே சரியான பழக்கம் என்பது என் உறுதியான கருத்து. டீமன் எதை நம்புகிறது என்று டீமனின் விதிப்படியே கேட்பது அது.

மெமரியும் கோரும்: பங்கிடும் கணக்கு

வேலை ஓடும் இடத்தை ஸ்லாட் என்கிறார்கள். முன்பு ஒரு கோருக்கு (செயலியின் ஒரு கணிப்பு அலகுக்கு) ஒரு ஸ்லாட் என்று சமமாக வெட்டிவைப்பது வழக்கம். 16 கோர், 64 ஜிபி கணினி என்றால் ஸ்லாட்டுக்கு 4 ஜிபி. 5 ஜிபி கேட்கும் வேலைக்கு அங்கே இடமே கிடையாது, கணினி முழுக்கக் காலியாக இருந்தாலும். ஆகவே, கேட்ட அளவுக்கு வெட்டித் தரும் பிரிபடும் ஸ்லாட் வந்தது. புதிய பதிப்புகளில் அதுவே இயல்பு.

அதற்கும் ஒரு விலை உண்டு. அதே கணினிக்கு ஒரு கோரும் 40 ஜிபியும் கேட்கும் வேலை வந்தால், மிச்சம் 15 கோர், 24 ஜிபி. அடுத்து வருபவை ஒரு கோரும் 2 ஜிபியும் கேட்டால் 12 வேலைகள் ஓடும், 3 கோர்கள் மெமரி இல்லாமல் சும்மா நிற்கும். இது மென்பொருளின் குறை அல்ல, கேட்பில் உள்ள ஏற்றத்தாழ்வு.

எதிர்ப்பக்கச் சிக்கல் இன்னும் கடினம். ஒரு முழுக் கணினியையும் கேட்கும் வேலைக்கு, 16 கோர்களும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். ஒரு கோர் காலியானதும் சிறு வேலை ஒன்று நுழைந்துவிடும் என்பதால் அந்த நேரம் தானாக வராது. காண்டரில் டிஃப்ராக் என்ற தனி டீமன் சில கணினிகளுக்குப் புதிய வேலை தராமல் வடியவிட்டு இடம் உருவாக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கணினிகளை வடியவிடலாம் என்ற எண்ணை நிர்வாகிதான் தர வேண்டும். அதிகமாகத் தந்தால் வடிகிற கணினிகளின் கோர்கள் வீணாகும், குறைவாகத் தந்தால் பெரிய வேலை பட்டினி கிடக்கும். ஸ்லர்ம் இதைப் பின்நிரப்பல் முறையில் தீர்க்கிறது. பெரிய வேலைக்கு எதிர்காலத்தில் ஒரு நேரத்தை ஒதுக்கி, அதற்குள் முடிந்துவிடும் சிறு வேலைகளை மட்டும் இடையில் விடும். பயனர்கள் தங்கள் வேலையின் நேர வரம்பை ஓரளவு சரியாகச் சொன்னால்தான் இது பலிக்கும். எவ்வளவு தூரம் முன்னே பார்க்கலாம் என்பதன் இயல்பு மதிப்பு ஒரு நாள். ஒரு வாரம் ஓடும் வேலைகளை அனுமதிக்கும் குழுமத்தில் அதை உயர்த்தாமல் விட்டால் இந்தத் திட்டமிடல் குறுகிப்போகும்.

கேட்ட அளவும் பயன்படுத்தும் அளவும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஸ்லர்மில் கேட்ட மெமரிக்குள் வேலையைக் கட்டிப்போட, சிகுரூப் (வேலைகளின் வளங்களுக்கு வரம்பிடும் லினக்ஸ் வசதி) அமைவில் அதைத் தனியாக இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். ஹடூப்பில் வளங்களைப் பங்கிடும் பகுதியான யார்ன் நேர்மாறாகக் கண்டிப்பானது. கேட்ட மெமரியைப் போல 2.1 மடங்குக்கு மேல் மெய்நிகர் மெமரி (நிரல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட முகவரிப் பரப்பு) போனால் வேலையைக் கொன்றுவிடுவது அதன் இயல்பு அமைவு. அது 1024 எம்பியின் மடங்குகளாகவே ஒதுக்குவதால், 1100 எம்பி கேட்டவருக்கு 2048 போகும். இன்னொன்று, கணினியின் வன்பொருளைத் தானாக அறியும் வசதியை இயக்காவிட்டால் ஒவ்வொரு கணுவும் 8192 எம்பி மட்டுமே தன்னிடம் உள்ளதாகச் சொல்லும். 256 ஜிபி கணினியை வாங்கிவைத்து 8 ஜிபியை மட்டும் பயன்படுத்தும் நிலை இப்படித்தான் வருகிறது.

நேரத்தைச் சொல்லும் எண்கள்

காண்டரின் இயல்பு மதிப்புகள் சில:

1. நெகோஷியேட்டர் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே: 60 நொடி.
2. ஸ்டார்ட்-டி தன் விளம்பரத்தைப் புதுப்பிப்பது: 300 நொடிக்கு ஒருமுறை.
3. புதுப்பிக்கப்படாத விளம்பரத்தைக் கலெக்டர் வைத்திருப்பது: 900 நொடி.
4. தொடர்பு அறுந்த வேலையோடு மீண்டும் இணைய முயல்வது: 2400 நொடி.

இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் வெறும் எண்கள். ஒரு கணினியின் மின்சாரம் திடீரென்று போகிறது என்று வைத்து, அவற்றைச் சேர்த்துப் படித்தால் நடப்பது புரியும். போன கணினி கால் மணி நேரம் வரை பட்டியலில் உயிரோடு தெரியலாம். அதில் ஓடிய வேலை 40 நிமிடம் வரை "ஓடுகிறது" என்றே காட்டப்படலாம். இதைப் பார்த்து எண்களைக் குறைக்கத் தோன்றும். விளம்பர இடைவெளியை 300இலிருந்து 30 ஆக்கினால் கலெக்டருக்கு வரும் செய்திகள் பத்து மடங்காகும். வேலையின் காத்திருப்பைக் குறைத்தால், வலையமைப்பு சில நிமிடம் தடுமாறும்போது உண்மையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் கைவிடப்பட்டு முதலிலிருந்து தொடங்கும். 30 மணி நேரம் ஓடிய கணிப்பை இழப்பதைவிட 40 நிமிடம் பொறுப்பது மேல். இந்த எண்களைத் தொட வலுவான காரணம் வேண்டும்.

பயனர்களுக்கு இடையே நியாயம் பார்ப்பதும் ஒரு நேர எண்தான். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற நினைவு காலப்போக்கில் மங்குகிறது. பாதியாக மங்கும் நேரம் காண்டரில் இயல்பாக 1 நாள், ஸ்லர்மில் 7 நாள். நூறு கோர்களை நெடுநாள் பயன்படுத்திய ஒருவரின் கணக்கு காண்டரில் 100ஐ நெருங்கியிருக்கும். அவர் நிறுத்திவிட்டால் மறுநாள் 50, அதற்கு மறுநாள் 25. ஏழு நாள் நினைவில் அவர் 50க்கு வரவே ஒரு வாரம் ஆகும். மாதக் கடைசியில் மட்டும் பெரிய கணிப்பு செய்யும் குழுவும் தினமும் சிறுகச் செய்யும் குழுவும் ஒரே குழுமத்தில் இருந்தால், இந்த ஒற்றை எண் யாருக்குச் சாதகம் என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாரை உள்ளே விடுவது?

பழைய பதிப்புகளில் நம்பிக்கை பெரும்பாலும் ஐபி முகவரியை வைத்தே இருந்தது. எழுதும் உரிமைக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்த வலையமைப்பை எட்டக்கூடிய எவரும் கணினியைச் சேர்க்கலாம். 2021இல் வந்த 9.0 பதிப்பு, அடையாளச் சரிபார்ப்பை இயல்பாக்கியது. அந்த மாற்றம்கூட 00 எனத் தொடங்கும் ஒரு துண்டுக் கோப்பாகவே நிறுவப்பட்டது, பின்னால் வரும் எந்தக் கோப்பும் அதை மீறலாம். பழைய குழுமத்திலிருந்து அப்படியே நகலெடுத்த கோப்பு, 50 எனத் தொடங்கும் பெயரோடு இன்றும் அந்தப் பாதுகாப்பைச் சத்தமில்லாமல் தளர்த்திவிட முடியும்.

எப்போது நடைமுறைக்கு வரும்?

கோப்பைச் சேமித்ததும் எதுவும் மாறுவதில்லை. டீமன் மறுபடி படிக்க வேண்டும். காண்டர் ரீகான்ஃபிக் கட்டளை, ஓடும் வேலைகளைத் தொடாமல் கோப்புகளை மீண்டும் படிக்கவைக்கும். கொள்கை நிபந்தனைகளும் விளம்பரப் பண்புகளும் இதோடு நடைமுறைக்கு வந்துவிடும். மேலே பார்த்த 500 வேலைகளின் சிக்கலுக்கு, 30ஆம் கோப்பில் பழைய பட்டியலோடு சேர்த்து எழுதி, அந்தக் கணினிகளில் ரீகான்ஃபிக் செய்தால் போதும். புதிய விளம்பரம் கலெக்டரை அடைந்து, அடுத்த பொருத்தச் சுற்றில் வேலைகள் நகரும்.

ஆனால் கோர்களின் எண்ணிக்கை, ஸ்லாட் வகைகள், எந்த வலையமைப்பு முகவரியைப் பயன்படுத்துவது போன்ற சிலவற்றுக்கு மறுதொடக்கம் தேவை. ரீகான்ஃபிக் செய்துவிட்டு மாறியைக் கேட்டால், காண்டர் கான்ஃபிக் வால் கோப்பிலிருந்து புதிய மதிப்பையே காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்-டி பழைய ஸ்லாட்டுகளோடு தொடரும். வேலை ஓடும் கணினியில் சாதாரணமாக மறுதொடக்கம் செய்தால் அங்கே ஓடும் வேலைகள் வெளியேற்றப்படும். 'பீஸ்ஃபுல்' என்ற தெரிவோடு செய்தால் அவை முடியும்வரை காத்திருக்கும், அதுவரை புதிய வேலை ஏற்காது. மூன்று நாள் ஓடும் ஒரு வேலை அதில் இருந்தால் மாற்றம் முழுமையாக மூன்று நாள் ஆகும், அந்த இடைவெளியில் குழுமத்தின் ஒரு பகுதி பழைய அமைவிலும் இன்னொரு பகுதி புதியதிலும் ஓடும். அந்த நாட்களில் பயனரிடமிருந்து வரும் புகாரைப் பார்க்கும்போது, வேலை எந்தக் கணினியில் ஓடியது, அது மறுதொடக்கமாகிவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.